தண்ணீர் குடிக்கக் காரணம் கேட்கும் செயலி

"தாமதத்திற்கான காரணத்தைத் தேர்வு செய்யவும்."

ஐந்து நிமிடம் ஸ்கேனர் சத்தம் போடாமல் இருந்தால் திரை மஞ்சளாகி இந்த வரி வரும். கீழே ஐந்து பெட்டிகள்: கழிப்பறை, தண்ணீர், ஸ்கேனர் பழுது, பொருள் இடத்தில் இல்லை, மற்றவை. ஏதாவது ஒன்றைத் தட்டாமல் அடுத்த வேலை வராது. அடுத்த வேலை வராவிட்டால் டார்கெட் ஓடாது. டார்கெட் ஓடாவிட்டால் இன்சென்டிவ் போகும். இரண்டு மாதம் தொடர்ந்து போனால் ஏஜென்சியிலிருந்து போன் வரும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

இந்த மஞ்சள் திரையில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை. வாடகை கொடுக்க வேண்டும். ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது தகரக் கூரை போட்ட வேர்ஹவுஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அப்படி ஒரு வேர்ஹவுஸுக்கான மொபைல் செயலி அது. என் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பயனர் ஆய்வு'. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு பேசி, திரையில் எது புரிகிறது, எது புரியவில்லை என்று எழுதித் தர வேண்டும். தந்தேன். காசும் வாங்கினேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு நிறுவனத்தை நான்கு நாள் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். நான் பேச வந்தது அந்தத் திரையின் அமைப்பைப் பற்றி. அது இன்று எல்லா வேர்ஹவுஸிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது.

உள்ளே போகாதவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் ஒரு ஷாம்பு பாட்டிலை ஆர்டர் செய்தால், அது எந்த ரேக்கில், எந்த அடுக்கில், எந்தப் பின்னில் இருக்கிறது என்று வேர்ஹவுஸில் ஒருவரின் ஸ்கேனரில் வரும். அவர் நடந்து போய் பின்னை ஸ்கேன் செய்ய வேண்டும், பாட்டிலை ஸ்கேன் செய்ய வேண்டும், டிராலியில் போட வேண்டும். உடனே அடுத்தது. இவர் பிக்கர். அவர் கொண்டு வருவதைப் பெட்டியில் கட்டுகிறவர் பேக்கர். லாரியில் ஏற்றுவது, இறக்குவது தனி ஆட்கள். திருப்பி அனுப்பப்பட்ட பொருட்களைப் பிரிப்பது ரிட்டர்ன்ஸ். ஒவ்வொரு ஸ்கேனும் நொடிக் கணக்கில் பதிவாகும். எட்டு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று அவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். எத்தனை ஸ்கேன் என்று கேட்டால்தான் முகம் மாறும்.

முதல் நாள் எனக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். வடிவமைப்புத் துறையில் இப்படி ஒரு வழக்கம் உண்டு: யாருக்காகச் செயலி செய்கிறோமோ, அவரைப் போல ஒரு கற்பனை மனிதரை எழுதி வைத்துக்கொள்வார்கள். எங்கள் அட்டையில் இருந்தவருக்கு வயது 24. படிப்பு குறைவு. ஆங்கிலம் தெரியாது. போனில் யூடியூப் மட்டும் பார்ப்பார். தொழில்நுட்பம் என்றால் பயம். பணத்தை மட்டுமே நினைப்பார். கடைசி வரியைத் தனியாகக் கவனியுங்கள். அந்த அறையில் இருந்த ஏழு பேரும் மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் பணத்தை நினைப்பது அட்டையில் இருந்தவரின் குணமாக எழுதப்பட்டிருந்தது.

இந்த அட்டையை நம்பித்தான் படங்கள் வரைந்தார்கள். தண்ணீருக்கு ஒரு துளி. கழிப்பறைக்கு ஒரு பொம்மை. பெரிய பெரிய பொத்தான்கள். நான் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய முதல் ஆள் பேக்கிங்கில் இருந்த ஓர் அக்கா. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் பி.எஸ்சி. மேத்ஸ். தண்ணின்னு எழுதுனா படிக்க மாட்டனா?"

அன்று நான் பேசிய பதினொரு பேரில் பட்டம் வாங்கியவர்கள் நான்கு பேர், டிப்ளமோ மூன்று பேர். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். செங்கல் சூளையிலும் வயலிலும் அப்பா அம்மா உழைத்துப் படிக்கவைத்த பிள்ளைகள் பொறியியல் முடித்துவிட்டு ஏன் டிராலி தள்ளுகிறார்கள் என்பது தனிக் கட்டுரை. ஆனால் அவர்களைப் பார்க்காமலே, ஏசி அறையில், படிக்கத் தெரியாதவர்கள் என்று ஏழு பேர் முடிவு செய்ய முடிந்தது எப்படி? உடல் உழைப்பு செய்கிறவருக்குப் படிப்பு இருக்காது என்ற நம்பிக்கையை அவர்கள் எந்த டிசைன் பள்ளியிலும் கற்கவில்லை. அது வீட்டிலிருந்தே கொண்டு வந்தது.

சரி, இதுவரை நான் சொன்னது எல்லோரும் சொல்லக்கூடிய குறைதான். படத்தை எடுத்துவிட்டு எழுத்தைப் போட்டால் முடிந்தது. போட்டார்கள். தமிழும் இந்தியும் சேர்த்தார்கள். என் அறிக்கையைப் பாராட்டி ஒரு மின்னஞ்சல்கூட வந்தது. நான் அந்த மின்னஞ்சலில் மயங்கி இருந்தேன், இரண்டாவது திரையைப் பார்க்கும் வரை.

இரண்டாவது திரை சூப்பர்வைசரின் டேப்லெட். அதில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. போட்டோ, பெயர், ஐடி எண், இன்றைய எண்ணிக்கை, வேன் ஏறும் இடம். பிக்கிங், பேக்கிங், லோடிங், ரிட்டர்ன்ஸ், கிளீனிங் என்று கட்டங்கள். ஓர் ஆளின் போட்டோவை விரலால் இழுத்து வேறு கட்டத்தில் விட்டால் அவருடைய வேலை மாறிவிடும். அவருடைய ஸ்கேனரில் "உங்களுக்குப் புதிய பணி ஒதுக்கப்பட்டுள்ளது" என்று வரும். யார் ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்று வராது. இழுத்தவரிடமும் செயலி எதுவும் கேட்காது. ஒரே ஒரு விரல் அசைவு.

இந்த இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் காரணம் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ஓர் ஆளைத் தூக்கிக் குப்பையில் போட்டால் காரணம் சொல்ல வேண்டாம். இதை ஒரு பிழை என்று நினைத்து, நான் பெரிய கண்டுபிடிப்புபோலக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் அதிர்ச்சியடையவில்லை. திட்டமிட்டுத்தான் அப்படி வைத்திருந்தார்கள். "ஆபரேஷன்ஸுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும்" என்றார் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்தவர்.

குப்பை என்று நான் சும்மா சொல்லவில்லை. ரிட்டர்ன்ஸ் பிரிவுக்கு என்ன வரும் தெரியுமா? போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய உள்ளாடை வரும். கசிந்த ஃபினாயில், பூஞ்சை பிடித்த சத்துமாவு, நடந்து தேய்த்த செருப்பு வரும். டயப்பர் பாக்கெட்டைத் திறந்து பயன்படுத்தியதை உள்ளே வைத்து ஒட்டி அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. அதைப் பிரித்து, முகர்ந்து, படம் எடுத்து, இது விற்கலாம், இது கூடாது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலையில் ஸ்கேன் எண்ணிக்கையும் ஏறாது, அதனால் இன்சென்டிவும் கிடையாது.

அந்தப் பிரிவில் இருந்த ஒரு தம்பியிடம், இந்த வேலை யாருக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். திருவள்ளூர்ப் பக்கத்துப் பையன், பி.காம்.

"அது யாருக்கு விழும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்க்கா. கேட்டா, ஆப்புதான் போட்டுச்சு, நான் இல்லன்னு சார் சொல்வாரு. ஆப்புக்கு எப்புடிக்கா எங்க தெரு தெரியும்?"

செயலிக்கு எப்படித் தெரு தெரியும்? நான் திரும்பிப் போய் அந்த டேப்லெட் திரையை மறுபடி பார்த்தேன். வேன் ஏறும் இடம். கம்பெனி வேன் எங்கெங்கே நிற்கும் என்ற பட்டியல். ஒரே ஊருக்கு இரண்டு ஸ்டாப் இருந்தது. ஒன்று ஊர்ப் பெயர். இன்னொன்று அதே பெயரோடு 'காலனி'. வேனுக்கான ஸ்டாப் பெயரை டிரைவர் வைத்திருப்பார், அவருக்குத் தேவை. அதைத் தொழிலாளியின் போட்டோவுக்குப் பக்கத்தில், வேலை பிரித்துக் கொடுக்கிறவரின் கண் முன்னால், ஒவ்வொரு நாளும் நாங்கள் காட்டிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "எந்த ஊரு? ஊர்ல எங்க?" என்று கேட்பாரே, அந்த இரண்டாவது கேள்வியின் பதிலை எங்கள் செயலி யாரும் கேட்காமலே தந்துகொண்டிருந்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று. நல்லது. தனியார் சர்வரில் இருக்கும் வேன் ஸ்டாப் பட்டியலை நீக்க எந்தத் தாசில்தார் வருவார்?

வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இந்த ஸ்டாப் பட்டியல் பொருந்தாது. அவர்கள் ஒரே ஷெட்டில் தங்குகிறார்கள், ஒரே வேனில் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. பதிவுப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம், கட்டாயம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பீகாரில் சாதியை மறைக்க 'குமார்' என்று மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. ஆனால் ஆதாரில் முழுப் பெயர் இருந்தால் செயலியிலும் முழுப் பெயர்தான் வரும், சூப்பர்வைசர் திரையிலும் வரும், ஹால் நடுவில் மாட்டியிருக்கும் 'இன்றைய முதல் பத்து பேர்' டிவியிலும் வரும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ கடைசிப் பெயரே கிடையாது. அப்பா பெயரைப் போட்டார்கள், இனிஷியலைப் போட்டார்கள். ஒருவர் புள்ளி வைத்திருந்தார், வெறும் புள்ளி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. அந்தச் செங்கல்பட்டுக்கு இந்த வேர்ஹவுஸிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து ஒரு படிவம் வந்து, பட்டம் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறது. அந்தப் படிவத்தை எழுதியவருக்கு இந்த வரலாறு தெரியாது. தெரியாமல் இருப்பதற்கான வசதி அவருக்கு இருந்தது.

நான்கு பரிந்துரைகள் எழுதினேன். வேன் ஸ்டாப்பைச் சூப்பர்வைசர் திரையிலிருந்து எடுங்கள். கடைசிப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள். ஆளை மாற்றுகிறவரும் காரணம் எழுதட்டும், அது மாற்றப்படுகிறவரின் திரையில் தெரியட்டும். தொழிலாளி தன்னுடைய பதிவைத் தானே பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் முடியட்டும்.

கடைசிப் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். மற்ற மூன்றும் இல்லை. காரணம் எழுதச் சொன்னால் வேலை தாமதமாகும் என்றார்கள். ஒரு தட்டு. தொழிலாளி ஒரு ஷிப்டில் பத்து முறை தட்டுகிறாரே, அது தாமதமில்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, என்னைவிட வயதில் சிறிய, நல்ல பிள்ளை என்றே நான் இன்றும் நினைக்கிற ஒரு டிசைனர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எல்லாத்துலயும் ஏன் சாதியைக் கொண்டு வர்றீங்க? இது வெறும் யூஎக்ஸ்."

நான் கொண்டு வரவில்லை. அது டேப்லெட்டில் ஐந்தாவது கட்டத்தில் இருந்தது.

ரிட்டர்ன்ஸுக்கு மாற்றப்பட்டவர்களில் காலனி ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் எத்தனை விழுக்காடு என்று என்னைக் கேட்பீர்கள். ஆய்வாளர்தானே, எண் எங்கே என்பீர்கள். மூன்று மாத மாற்றல் பதிவைக் கேட்டேன், தரவில்லை. தந்திருந்தாலும் அதில் காரணம் என்ற கட்டமே கிடையாது. ஒரு தொழிலாளி ஏழு மாதத்தில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்று நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிற ஒரு நிறுவனம், அவரை ஏன் நாற்றமடிக்கும் மேசைக்கு அனுப்பியது என்று ஒரு சொல்கூடப் பதிந்து வைக்கவில்லை. பாகுபாட்டை நிரூபி என்று கேட்பார்கள். நிரூபிக்க வேண்டிய காகிதம் எழுதப்படாமல் இருக்கும்படி திரையை வடிவமைத்திருக்கிறார்கள். வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் விடுவதும் இதுவும் ஒரே வேலைதான்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். மாதவிடாய் நாட்களில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். மூன்றாவது முறை 'கழிப்பறை' என்று தட்டினால் எண்ணிக்கை சிவப்பாகும் என்பதால் 'மற்றவை' என்று தட்டுகிறார்கள். "மற்றவைன்னா இன்னா?" என்று ஹாலில் எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்கிறார் ஒருவர். இதை எனக்குச் சொன்ன பெண் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கேனரின் பெல்ட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஏழு பேர் குழுவில் 'மற்றவை' என்ற பெட்டியைச் சேர்த்ததை ஒரு கருணையாக நினைத்திருந்தோம். 'எம்பதி' என்று அதற்குப் பெயர். பலகை முழுக்க மஞ்சள் தாள் ஒட்டி எம்பதி வளர்ப்பார்கள்.

இதெல்லாம் நம் ஊரின் அரைகுறைத் தனத்தால் வருவது, வளர்ந்த நாட்டு நிறுவனங்கள் ஒழுங்காக இருக்கும் என்று யாராவது நினைத்தால்: 2024 மே மாதம் ஹரியானாவின் மானேசரில் அமேசான் வேர்ஹவுஸ் தொழிலாளர்களை, 24 அடி நீள லாரிகள் ஆறிலிருந்தும் சரக்கு இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கவைத்தார்கள் என்ற செய்தி வெளியானது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மத்தியத் தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்பியது. மானேசரில் வாயால் சொல்லவைத்தார்கள், அதனால் செய்தியானது. மஞ்சள் திரை அதே உறுதிமொழியைச் சத்தமில்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாங்குகிறது, அது செய்தியாகாது. தண்ணீருக்காக மகாத் குளத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு துளிப் படத்தைத் தொட்டு அனுமதி கேட்கிறோம்.

பிரான்சில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே தனிநபர் தரவுகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், அமேசானின் பிரெஞ்சு வேர்ஹவுஸ் நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தது. காரணம் ஸ்கேனர்தான். பத்து நிமிடத்துக்கு மேல் ஸ்கேனர் சும்மா இருந்தால் ஒரு குறி. ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை சும்மா இருந்தால் இன்னொரு குறி. முந்தைய பொருளை ஸ்கேன் செய்து 1.25 நொடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால், அவசரப்பட்டுத் தப்பு செய்கிறாய் என்று மூன்றாவது குறி. மெதுவாகப் போனாலும் குற்றம், வேகமாகப் போனாலும் குற்றம். ஒவ்வோர் இடைவெளிக்கும் தொழிலாளி விளக்கம் சொல்ல வேண்டிய நிலையை இது உண்டாக்கும் என்பது ஆணையத்தின் ஆட்சேபங்களில் ஒன்று. நான் கூட்டத்தில் கேட்ட அதே கேள்வி. நான் கேட்டபோது காபி கிடைத்தது.

கலிபோர்னியாவில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் வேர்ஹவுஸ் டார்கெட் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. டார்கெட் காரணமாகத் தன் இடைவேளை உரிமை பறிபோனது என்று நினைக்கும் தொழிலாளி, தன்னுடைய டார்கெட் என்ன என்பதை எழுத்திலும், தன்னுடைய கடைசி 90 நாள் வேகப் பதிவையும் கேட்டு வாங்கலாம். இங்கே? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படியுங்கள். வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தலாம். பிறகு 11ஆம் பிரிவைப் படியுங்கள். என் தரவைக் காட்டு என்று கேட்கும் உரிமை, யார் ஒப்புதல் கொடுத்தாரோ அவருக்கு. இரண்டையும் சேர்த்தால் கணக்கு எளிது: உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொள்வேன், கேட்காமல் எடுத்ததால் நீ கேட்டாலும் காட்ட மாட்டேன்.

நம்மிடம் நல்ல சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், குடிதண்ணீர் இருக்கும் இடத்தில் 'குடிநீர்' என்று பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்திலேயே எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களாகத் தொழிலாளர்களை நினைத்திருக்கிறார்கள். அட்டை எழுதிய எங்கள் ஏழு பேரைவிட எவ்வளவோ மேல். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் உரிமை சேர்க்கப்பட்டது, கேரளத்துக்கு மூன்று ஆண்டு கழித்து. துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களின் கால்களிலிருந்து வந்த சட்டம் அது. அதே சட்டம் 'கடை' என்பதற்குள் அதனோடு சேர்ந்த குடோனையும் வேர்ஹவுஸையும் சேர்த்தே வரையறுக்கிறது. எந்த வேர்ஹவுஸ் கடை, எது தொழிற்சாலை என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். என் கேள்வி வேறு. சட்டப்படி நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் அதில் ஆறு நிமிடம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மஞ்சள் திரை வரும். ஐந்து பெட்டிகளில் 'உட்கார்ந்திருந்தேன்' என்ற பெட்டி கிடையாது. சட்டமன்றம் கொடுத்த உரிமையை ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர், அப்படியானால் செயலியே வேண்டாம், தூக்கி எறி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அப்பா செங்குன்றத்தில் அரிசி குடோனில் மூட்டை தூக்கியவர். அங்கே ஸ்கேனர் கிடையாது, மேஸ்திரி இருந்தார். மேஸ்திரி யாரை எப்படிக் கூப்பிடுவார், யாருக்குத் தனி டம்ளர் என்பதெல்லாம் அப்பா குடித்திருக்கும்போது மட்டும் சொல்வார். நான் பேசியவர்களில் லோடிங்கில் இருந்த ஒரு பெரியவர், இந்த மிஷின் மேஸ்திரியைவிட மேல் என்றார். "இது நம்பர் சொல்லிக் கூப்டுதும்மா. அந்தாளு இன்னா சொல்லிக் கூப்டுவான்னு உனக்குத் தெரியாது." எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது பெரிய விஷயம். இயந்திரம் வந்ததில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. அதைத் தூக்கி எறியச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அப்பாவிடம் இன்னொன்று இருந்தது. குடோன் வாசலில் ஒருவர் உட்கார்ந்து மூட்டைக்கு ஒரு குச்சி கொடுப்பார். அப்பா அதை மடியில் கட்டிக்கொள்வார். சாயங்காலம் மேஸ்திரி நோட்டில் 110 என்று இருக்கும். அப்பா மடியை அவிழ்த்து எண்ணினால் 118 இருக்கும். சண்டை நடக்கும். சில நாள் தோற்பார், சில நாள் எட்டு மூட்டைக் கூலியை வாங்கிக்கொண்டு வருவார். சாதிவெறி பிடித்த அந்தக் குடோனில்கூட உழைப்பின் சாட்சி உழைத்தவர் மடியில் இருந்தது. ஸ்கேனரில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பதிவாகிறது, பி.காம். படித்த தம்பியின் மடியில் ஒன்றும் இல்லை. நேற்று எத்தனை செய்தாய் என்று கேட்டேன். "சார்கிட்டதான்க்கா கேக்கணும்" என்றார்.

அம்பேத்கர் 1936-ல், மேடையேற விடாத உரையில், வேலையைப் பிரிப்பதையும் வேலை செய்கிறவர்களைப் பிரிப்பதையும் வேறுபடுத்திக் காட்டியதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் அதை மேற்கோளாகப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டோம். கலிபோர்னியாவில் செயற்கை நுண்ணறிவு கறுப்பின மக்களுக்கு என்ன செய்கிறது என்று கருத்தரங்கு நடத்துகிறோம், நானும் போய்க் கட்டுரை வாசித்திருக்கிறேன். ஒரகடத்தில் வேன் ஸ்டாப் கட்டம் எந்தத் திரையில் தெரிகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் சிலர் மென்பொருள் துறையில் இருப்பீர்கள். சிலர் டிசைன் படித்துவிட்டு இப்படி ஒரு திரையை இந்த வாரமே வரைந்துகொண்டிருப்பீர்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் வாடகைக்குத்தான் போனேன். அடுத்த முறை ஆளை மாற்றும் திரையை வரையும்போது 'காரணம்' என்று ஒரு கட்டாயக் கட்டம் போடுங்கள். வேன் ஸ்டாப்பையும் ஊரையும் எடுத்துவிடுங்கள். தொழிலாளியின் திரையில் 'என் பதிவு' என்று ஒரு பொத்தான் வையுங்கள், ஷிப்ட் முடிந்ததும் அன்றைய எண்ணிக்கை அவருடைய சொந்த போனுக்கே போகட்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், முதல் வரைவிலேயே போட்டுவிடுங்கள். எடுத்துவிடச் சொல்வார்கள். வாயால் சொன்னால் எடுக்காதீர்கள், மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்: இந்தக் கட்டம் ஏன் வேண்டாம், யாருக்கு வேண்டாம் என்று. ஒரு தட்டு தாமதமாகும் என்றுதான் எழுதுவார்கள். அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். அந்த வேர்ஹவுஸ் வாசலில் சங்கம் என்று ஒன்று கொடி நடும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.